புளியமரத்தடியில் ஏழு நாள்

வண்டியை ஓடைச் சரிவில் இறக்கும்போதுதான் ஜம்புலிங்கம் அந்த ஆளைப் பார்த்தார். எதிர்க்கரைப் புளியமரத்தின் கீழே, கல்லின்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் அட்டை, அட்டையில் செருகிய தாள், காதில் பென்சில். பக்கத்தில் ஒரு பழைய குடை. விடிந்து இன்னும் வெயில்கூட மஞ்சளிக்கவில்லை. ஓடைப்பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் போகும் ஒன்பது மைல் மண்பாதையில் அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்க எந்த மனிதனுக்கும் காரணம் கிடையாது. வண்டி அவரைக் கடந்தபோது அந்த ஆள் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான். நிறுத்தச் சொல்லவில்லை, எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, வண்டிக்குள் எட்டிப் பார்க்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஜம்புலிங்கத்துக்குப் பயம் இவ்வளவு இருந்திருக்காது. பேசாமல் கோடு போடுகிற சர்க்கார் ஆளை அவர் ஒரு தரம் பார்த்திருக்கிறார்.

யுத்தம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஜப்பான்காரன் பயம் போயிற்று, விளக்குக்கு மேல் கறுப்புத் துணி போடுவது போயிற்று. நூல் கண்ட்ரோல் மட்டும் போகவில்லை. கார்டுக்குக் கிடைக்கிற நூல் ஒரு தறிக்குப் பத்து நாள் வரும். மாதத்தில் மிச்சமிருக்கும் இருபது நாளுக்கு அடுப்பில் உலை ஏற வேண்டுமென்றால், நகரிப் பக்கத்திலிருந்து வைக்கோலுக்கு அடியில் படுத்துக்கொண்டு வருகிற நூல்தான் வழி. ஓடைப்பேட்டையின் நாற்பது வீடுகளும் அப்படித்தான் சாப்பிட்டன. அதைத் தப்பு என்று அங்கே யாரும் நினைத்ததில்லை. பயப்பட மட்டும் செய்தார்கள். போன கார்த்திகையில் பெரிய ரோடு சந்திக்கிற இடத்தில் ஒரு ஆள் இதே மாதிரி நோட்டும் கையுமாக இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. ராஜவேலுவின் வண்டியில் இரண்டு கட்டு நூல் அகப்பட்டது. ஆறு வாரம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், தறியில் உட்காருகிறான், நெய்கிறான். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தறியின் ஓடத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறான். அவனுடைய முகம் ஜம்புலிங்கத்தின் நினைவில் வந்தபோது மாடுகள் ஓடை மணலில் முக்கிக்கொண்டிருந்தன.

ஜம்புலிங்கம் ஐம்பது வயது நெசவுக்காரர். கிருத்திகை தவறாமல் தணிகைமலை ஏறுகிறவர். ஊரில் அடுத்தவனுக்கு ஒன்று நேர்ந்தால் இவருக்குச் சோறு இறங்காது. அந்தச் சுபாவத்தினால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்ல வேண்டும். கெட்ட மனசு செய்கிற தீமையை ஜனங்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். நல்ல மனசு தெரியாமல் செய்துவிடுகிற தீமைக்கு யாரும் காவல் வைப்பதில்லை.

அன்று காலையிலேயே, மற்ற வண்டிகள் கிளம்புமுன், பிள்ளையார் கோயில் எதிரே பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி அவர் விஷயத்தைச் சொன்னார். நாகராஜன்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் கௌரியம்மாளின் தம்பி, ஜம்புலிங்கத்துக்கு மைத்துனன்; வாய் மட்டும் நீளம், கை சுத்தம். அந்த ஆளை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி ஓடையில் போட்டுவிடலாமா என்று அவன் கேட்டதற்கு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. பாதையை விட்டுவிடுவோம் என்றார். ஊருக்கு மேற்கே ஏரிக்கரை மேல் ஒரு வண்டித்தடம் உண்டு. கரை குறுகல், பள்ளமும் மேடும் அதிகம், மூன்று மைல் சுற்று. ஆனால் அது ஓடைக்கு அந்தப் பக்கம் வெகுதூரம் தள்ளித்தான் பாதையில் போய்ச் சேரும். அந்த ஆள் இருக்கிற வரைக்கும் நடக்கிறவனும் சரி, வண்டி ஓட்டுகிறவனும் சரி, ஏரிக்கரை மேலேயே போகட்டும். வெறும் வண்டியாக இருந்தாலும் சரி, அவன் கண்ணில் ஓடைப்பேட்டைக்காரன் ஒருத்தன்கூடப் படக்கூடாது என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ராஜவேலு மட்டும் ஜம்புலிங்கத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வீட்டில் கௌரியம்மாள் வேறு மாதிரி கேட்டாள். அவள் இடது காலை ஒரு பலகைமேல் நீட்டி வைத்துக்கொண்டு ராட்டையில் ஓடத்துக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். போன வருஷம் தறிக்குழியில் மிதிபலகையின் ஆணி கணுக்காலுக்கு மேலே கிழித்தது. மஞ்சள் வைத்தார்கள், வேப்பிலை வைத்தார்கள். புண் மேலே மூடி உள்ளே புரையோடிவிட்டது. திருத்தணி ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் அதைக் கீறிவிட்டு, வாரத்துக்கு இரண்டு தரம் வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், விட்டுவிட்டால் காலை எடுக்கும்படி ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார். வாரத்துக்கு இரண்டு தரம் எங்கே முடிகிறது. ஒரு நடைக்கு ஒரு நாள் போய்விடும். இரண்டு நாள் தறி நின்றால் அந்த வாரம் சாப்பாடு இல்லை. அதோடு ஓடை மணலிலும் கல்மேட்டிலும் வண்டி குதிக்கிற குதிப்பில் புண்ணில் ரத்தம் கசிந்து, போகும்போது இருந்ததைவிட மோசமான காலோடுதான் டாக்டர் எதிரே அவள் உட்காருவாள். வாரத்துக்கு ஒரு தரம் என்பதே பெரிய காரியமாக இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான் ஒரு சேதி சொன்னார். யுத்தம் முடிந்துவிட்டதால் சர்க்கார் கிராமத்து ரோடுகளுக்கென்று பெருந்தொகை ஒதுக்கியிருக்கிறதாம்; ஆர்.கே.பேட்டைப் பக்கம் திருத்தணியிலிருந்து நல்ல ரோடு போட்டு, பாலம் கட்டி, காலையும் மாலையும் பஸ் விடப்போகிறார்களாம், பேப்பரில் வந்திருக்கிறதாம். முக்கால் மணி நேரத்தில் வந்து கட்டு மாற்றிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாமே அம்மா என்று அவர் சொன்னது கௌரியம்மாளின் காதில் மந்திரம் மாதிரி நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் சாமி மாடத்தில் விளக்கேற்றும்போது கேட்பது அது ஒன்றுதான். கால் குணமாக வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. பஸ் வந்தால் கால் தன்னால் குணமாகிவிடும் என்று நினைத்தாள்.

"ஏங்க, அந்த ஆளு ரோடு விஷயமா வந்தவரா இருக்கப்போறாரு" என்றாள் அவள், ராட்டையை நிறுத்திவிட்டு.

"ரோடு போடறவன் சங்கிலி இழுத்துகினு வருவான், கௌரி. கொடி நடுவான், தொப்பி வச்சுகினு கூட ரெண்டு துரைங்க வருவாங்க. நோட்டு எடுத்துகினு ஒத்தையா வர்றவன் ஆளைப் புடிச்சிகினு போறவன்."

அவளும் ஆங் என்று தலையாட்டிவிட்டு மறுபடி சுற்றத் தொடங்கினாள். அந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த சர்க்கார் இரண்டு வகை. அளக்க வருகிற சர்க்காரின் கையில் சங்கிலி இருக்கும். பிடிக்க வருகிற சர்க்காரின் கையில் நோட்டு இருக்கும். மூன்றாவது வகை ஒன்று இருக்க முடியும் என்று யுத்தகாலக் கண்ட்ரோல் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை.

அன்றும் மறுநாளும் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. ஏரிக்கரை மேல் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி அசைந்து போயின. சந்தைக்குக் கூடை சுமந்துபோன பெண்கள்கூடக் கரைமேல் ஏறித்தான் போனார்கள். பங்குனி வெயில். மத்தியானம் ஜம்புலிங்கம் ஓடையின் இக்கரை வரைக்கும் போய் மறைவில் நின்று பார்த்தார். அந்த ஆள் அதே கல்லில், அதே நிலையில் உட்கார்ந்திருந்தார். மரத்து நிழல் நகர்ந்துபோய்த் தலையில் வெயில் அடித்தது. குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். சாப்பிட எழுந்துபோனதாகத் தெரியவில்லை. ஜம்புலிங்கம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் கௌரியம்மாள் ஒரு சொம்பில் மோரை ஊற்றி, உப்புப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, நகர்த்தி வைத்தாள். புடிக்க வந்தவனானா இன்னா, தாகம் எல்லாருக்கும் ஒண்ணுதானே என்றாள். அவர் நினைத்ததும் அதையேதான். சொம்பை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார்; அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று.

அந்த ஆளின் பெயர் எல்லப்பன். திருத்தணி மலையடிவாரத்தில் வீடு. நெற்றியில் விபூதி, நைந்த கோட்டு, நாற்பது வயதிருக்கும். நிரந்தர வேலைக்காரர் இல்லை, ஏழு நாளைக்கு மட்டும் வைத்த ஆள் என்று சொன்னார். சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்துவிட்டுச் சொம்பைத் தானே ஓடைத் தண்ணீரில் கழுவிக் கொடுத்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று ஜம்புலிங்கம் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவான் என்று நினைத்தார். அவரும் சொல்லவில்லை. தினமும் பொழுது சாய்கிறபோது சைக்கிளில் ஆபீஸ் சேவகன், டவாலிக்காரன் ஒருத்தன் வந்து அன்றைய தாளை வாங்கிக்கொண்டு போவான்.

நாலாம் நாள் மோரைக் குடித்துக்கொண்டே எல்லப்பன் பாதையை இப்படியும் அப்படியும் பார்த்தார். "பெரியவரே, இந்த ரோட்டுல ஜன நடமாட்டமே கிடையாதா? நாப்பது வூடு இருக்குதுன்னாங்க."

"யாருங்க போவாங்க" என்றார் ஜம்புலிங்கம். "நெசவுக்கார ஜனம், சாமி. தறியை வுட்டு எழுந்திருக்காது."

எல்லப்பன் எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு உதட்டை மடித்துக்கொண்டார். அவருடைய முகத்தில் இருந்தது ஏமாற்றம் என்பது ஜம்புலிங்கத்துக்குத் தெரிந்தது. ஆள் அகப்படாத ஏமாற்றம் என்று அவர் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார். வீடு திரும்புகிற வழியில் மனசுக்குள் ஒரு சந்தோஷம். பொய் சொன்னது உறுத்தியது. ஆனால் நாற்பது வீட்டுக்காகச் சொன்ன பொய் என்று முருகனிடம் சொல்லிவைத்தார்.

ஐந்தாம் நாள் கௌரியம்மாளின் ஆஸ்பத்திரி நாள். அவளையும் ஏரிக்கரை மேல்தான் கொண்டுபோனார். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தான் மட்டும் பாதையில் போனால் நன்றாக இருக்காது. கரையில் வண்டி ஒரு சக்கரம் மேலும் ஒரு சக்கரம் கீழுமாகச் சாய்ந்து போனபோது அவள் வைக்கோலைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தபோது அம்மா என்று ஒரு சத்தம் வந்தது. அவர் திரும்பிப் பார்த்ததும் ஒண்ணுமில்லை போங்க என்றாள். டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் வாரத்துக்கு இரண்டு தரம் என்பதில் ஒரு தரம்கூடத் தவறக்கூடாது, தவறினால் என்னிடம் வராதே, வேலூருக்குப் போய்விடு என்றார்.

ஏழாம் நாள் ஜம்புலிங்கம் மோர் கொண்டுபோகச் சாயங்காலம் ஆகிவிட்டது. எல்லப்பன் சாக்கை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். இன்றோடு முடிந்தது என்றார். ஜம்புலிங்கம் உள்ளே ஒரு பெருமூச்சு விட்டார். வெளியே, இத்தனை வெயிலில் கஷ்டப்பட்டீர்களே என்றார். அதுவும் நிஜம்தான். எல்லப்பன் மோரைக் குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு, பெரியவரே. சொன்னா ஜனங்க வேணும்னே போயி வந்துகினு இருப்பாங்க, கணக்கு கெட்டுப்பூடும்னுட்டாங்க. ஆனா இத்தனை நாளும் மோரு குடிச்ச வாயி. சொல்லாம போனா மனசு கேக்கல." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பஸ் ரோடு இந்த வழியா போடறதா, நாலு மைல் தள்ளி மாங்காவரம் இருக்குதே, அந்த வழியா போடறதான்றதுக்குத்தான் இந்தக் கணக்கு. எந்த வழில ஜனமும் வண்டியும் அதிகமோ அந்த வழிக்குத்தான் பணம். இங்க ஏழு நாள்ல பதினோரு வண்டி. அதுல எட்டு வெளியூரு."

ஜம்புலிங்கத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எல்லப்பன் பேசிக்கொண்டே போனார். மாங்காவரம் வழியில் தனக்குத் தெரிந்தவர் ஒருத்தர் உட்கார்ந்து எழுதுகிறாராம். அங்கே தினமும் நூறு வண்டிக்குக் குறையாதாம். அந்த ஊர் ரைஸ் மில் கோதண்டபாணிக்கு யாரோ முன்னாலேயே காதில் போட்டுவிட்டார்கள். மில் வண்டிகள் வெறுமனே போய் வெறுமனே வந்துகொண்டிருக்கின்றனவாம். பாவம், உங்கள் ஊருக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்றார் எல்லப்பன்.

ஏரிக்கரையில் போன வண்டிகள் அத்தனையும் ஜம்புலிங்கத்தின் கண்ணுக்குள் போயின. தினம் முப்பது வண்டி இருக்கும். தலைச்சுமைக்காரர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், கிருத்திகைக்கு மலைக்குப் போன ஜனங்கள். எல்லோரையும் அவர்தான் கரைமேல் ஏற்றினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நூல் விஷயத்தையும் மறைக்கவில்லை. எல்லப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறு நாள் தாளும் ஆபீசுக்குப் போய்விட்டன என்றார். இன்றைய தாள் மட்டும் இருக்கிறது, ஆறு மணி வரைக்கும் கணக்கு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் ஆறு நாளும் ஏன் ஜனமில்லை என்று ஓரத்தில் நாலு வரி நானே எழுதிப் போடுகிறேன் என்றார்.

ஜம்புலிங்கம் ஓடினார். வயசுக்கு மீறிய ஓட்டம். பிள்ளையார் கோயில் எதிரே வந்து மூச்சு வாங்க நின்று சொன்னபோது, தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்று ஆட்கள் வெளியே வந்தார்கள். வண்டியைப் பூட்டுங்கள், வண்டி இல்லாதவர்கள் நடந்து வாருங்கள், பெண்டுபிள்ளைகளும் வரட்டும், அந்த ஆள் எதிரே போய்வந்தால் போதும் என்றார். எதற்கு என்று சொன்னார். பஸ் என்றார். யாரும் நகரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரி அவர் காதுக்கே கேட்டது.

நாகராஜன் பீடியைக் காலில் தேய்த்துவிட்டு முன்னால் வந்தான்.

"பாவா, இத்தனை நாளும் அவனுக்கு மோரு எடுத்துகினு போனது யாரு?"

"நான்தான். வெயில்ல கெடந்தாரு."

"நாங்கள்லாம் அவன் கண்ணுல படக்கூடாது. நீ மட்டும் தெனம் போயி பக்கத்துல குந்திகினு பேசிட்டு வர்றே. இப்ப எல்லாரும் வண்டியைப் பூட்டிகினு அவன் எதிர்ல வரிசையா வாங்கன்றே." அவன் கோபமாகப் பேசவில்லை, துக்கமாகத்தான் பேசினான். "இன்னா குடுக்கறேன்னான் பாவா? அக்கா காலுக்கு வைத்தியம் பண்றேன்னானா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராஜவேலு எழுந்து தன் வீட்டுக்குள் போனான். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். ஜம்புலிங்கத்துக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நோட்டுக்காரனை நம்பாதே என்று ஏழு நாளாக அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு சொம்பு மோர் மனிதனுக்கு மனிதன் கொடுக்கிற சின்ன விஷயம். அதுதான் இவர்கள் கண்ணில் லஞ்சமாகிவிட்டது. முருகா, அதையுமா நான் செய்திருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். செய்யாமல் இருந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை.

வீட்டில் கௌரியம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளித்தானே கோயில். மாட்டைப் பூட்டுங்க என்றாள். அவர் தயங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே எழுந்தாள். அவளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்து, மாட்டை விரட்டிக்கொண்டு ஓடைக்கு வந்தபோது வெயில் சிவந்துவிட்டிருந்தது. எல்லப்பன் அவர்களுக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் பென்சிலை எடுத்தார். வண்டி புளியமரத்தைக் கடந்தது. ஒரு கோடு போட்டார். ஜம்புலிங்கம் கொஞ்ச தூரம் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார், இன்னொரு கோடு. வருகிறது போகிறது இரண்டுக்கும் உண்டு என்றார் எல்லப்பன். மறுபடி திருப்பினார். மூன்றாம் தரம் மரத்தடியில் வண்டி வந்தபோது உள்ளேயிருந்து கௌரியம்மாள் நிறுத்தச் சொன்னாள்.

"ஐயா, எனக்கும் சேத்து போட்டீங்களா?"

எல்லப்பன் தாளைப் பார்த்தார். வண்டி ஒரு கட்டம், சைக்கிள் ஒரு கட்டம், நடை ஒரு கட்டம். "வண்டின்னா வண்டி ஒண்ணும்மா. உள்ள இருக்கறவங்களுக்குக் கட்டம் கிடையாது. நடந்து போறவங்களுக்குத்தான் தனியா உண்டு."

"அப்ப நான் கணக்குல இல்ல."

பஸ் யாருக்கு வேண்டுமோ அவளுக்கு அந்தத் தாளில் இடமில்லை என்பது அப்போதுதான் எல்லப்பனுக்கும் தெரிந்தது போலிருந்தது.

அந்தத் தாளை எந்த ஆபீசில் யார் கூட்டிப் பார்த்தார்கள் என்று ஓடைப்பேட்டையில் யாருக்கும் தெரியாது. ஓரத்தில் எல்லப்பன் எழுதிய நாலு வரியை யாராவது படித்தார்களா என்றும் தெரியாது. மறு வருஷம் ஆடி முடிந்ததும் மாங்காவரம் வழியில் ஜல்லி கொட்டினார்கள். ஓடைக்குப் பாலமும் அந்தப் பக்கம்தான் வந்தது. அதற்கடுத்த தையில் பஸ் மாலை போட்டுக்கொண்டு வந்து ரைஸ் மில் வாசலில் நின்றது. ஓடைப்பேட்டை ஜனங்கள் நாலு மைல் நடந்துபோய் ஏறினார்கள். நாகராஜனும் ஏறினான். ஏறிவிட்டு வந்த அன்று அக்காள் வீட்டு வாசலில் வந்து வெகுநேரம் நின்றான். உள்ளே வராமல் திரும்பிப் போனான். அதற்குள் வேலூரில் கௌரியம்மாளின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் அவளுக்கு இரண்டு காலும் இருந்தன. அவள் வண்டியின் பின்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் வலது காலை இறக்கினாள். ஜம்புலிங்கம் நுகத்தடியைத் தாண்டி ஓடிவந்தார். வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள். எல்லப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"இறங்காதீங்கம்மா. நானே போட்டுக்கறேன். பத்துக் கோடு போடறேன், யாரு கேக்கப்போறாங்க."

"நடந்தப்புறம் போடுங்க" என்றாள் கௌரியம்மாள்.

இடது பாதத்தைத் தரையில் வைத்தபோது அவள் முகம் ஒரு கணம் மாறிப் பிறகு பழையபடி ஆயிற்று. மண் இன்னும் சூடாக இருந்தது. ஓர் அடி. இன்னோர் அடி. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மலைப்படி ஏறுகிறவள் மாதிரி ஒவ்வோர் அடியிலும் நின்று நின்று நடந்தாள். மரத்தைக் கடந்தாள். எல்லப்பனின் பென்சில் தாளில் விழுந்தது. ஜம்புலிங்கம் மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. தாளை வாங்கிப்போகிற டவாலிக்காரன் வந்துகொண்டிருந்தான். பாதை நடுவில் ஒரு பெண்பிள்ளை தனியாக, நிற்பதா விழுவதா என்று தெரியாமல் வருவதைப் பார்த்துச் சைக்கிளை விட்டு இறங்கினான். என்ன ஏது என்று அவனுக்குத் தெரியாது. சைக்கிளை முள்வேலியோரம் தள்ளிக்கொண்டு, வேலிமுள் சட்டையில் குத்த, அவளுக்குப் பாதையை விட்டு நின்றான். அவள் அவனைத் தாண்டி இன்னும் நாலடி போனாள். அங்கே நின்று, இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். பிறகு, வந்த வழியே மெதுவாகத் திரும்பினாள்.